மசாலா ஏறாத நெஞ்சு: வெள்ளவத்தைச் சமையலறையிலிருந்து சிலாபத்துக் கோழிப் பண்ணை வரை ஒரு நிகழ்வு ஆய்வு

"பிள்ளை, இதை ஒருக்கா அமத்திப் பாரும்" என்று மாமி கோழி நெஞ்சுத் துண்டொன்றை என் கையில் வைத்தார். அமத்தினேன். விரல் உள்ளே போகவில்லை. குளிர்பெட்டியில் உறைந்து கிடந்த இறைச்சியும் இல்லை, அன்று காலை வாங்கியது. சதை உள்ளங்கையில் பலகைத் துண்டு மாதிரிக் கிடந்தது.

மாமி கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், வீட்டிலேயே சமைத்து விற்பவர். ரோல்ஸ், கட்லட், பிறந்தநாளுக்கும் சாமத்தியவீட்டுக்கும் டெவல்ட் சிக்கன். எலும்பில்லாத நெஞ்சு இறைச்சிதான் அவருடைய முதல். "உப்பும் தேசிக்காயும் போட்டு இரவு முழுக்க வைச்சாலும் மசாலா வெளியிலதான் நிக்குது. பொரிச்சால் றப்பர். சனம் திருப்பிக் கொண்டு வருது" என்றார். அவருடைய சந்தேகம் எல்லோருக்கும் இருப்பதுதான்: பண்ணையில் ஹோர்மோன் ஊசி போடுகிறார்கள்.

நான் கொழும்பில் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். டி.என்.ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர் இயந்திரத்தோடுதான் என் நாள் போகும். மாமியின் முறைப்பாட்டை என் மேசைக்குக் கொண்டுவந்தால் ஒரு பரிசோதனையில் விடை வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. ஏன் வரவில்லை, பிறகு எப்படி வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஊசிக் கதையை முடித்துவிடுவோம். வளர்ச்சி ஹோர்மோன் ஒரு புரதம். தீனில் கலந்தால் குடலில் செரித்துப் போகும். ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப ஊசி போட எந்தப் பண்ணையாளருக்கும் கட்டுப்படியாகாது. கோழி வேகமாக வளரக் காரணம் அதன் பரம்பரை. கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய 3 காலத்துக் கோழிகளை ஒரே தீனில், ஒரே கொட்டகையில் வளர்த்துப் பார்த்து, முடிவை 2014இல் வெளியிட்டார்கள். 56ஆம் நாளில் 1957ஆம் ஆண்டு இனம் 905 கிராம், 1978 இனம் 1808 கிராம், 2005இன் ரொஸ் 308 இனம் 4202 கிராம். தீன் ஒன்றுதான், ஊசி கிடையாது. அரை நூற்றாண்டாகப் பெரிய நெஞ்சுள்ள கோழியைத் தெரிந்தெடுத்து இனம் பெருக்கியதன் பலன் அது. மாமியின் தட்டில் இருந்த பலகையும் அதே தெரிவோடு கூட வந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

இரண்டு விதக் கடினம்

அன்று மாமியிடம் பத்துத் துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தோம். நான்கு துண்டு பச்சையாகவே கல். மேற்பகுதி உப்பி, நிறம் வெளுத்து, மேலே பிசுபிசுப்பான தெளிந்த நீர். அந்த நான்கில் இரண்டில் தசைநார் ஓடும் திசையிலேயே வெள்ளைக் கோடுகள். மற்ற ஆறும் கைக்கு மெத்தென்றுதான் இருந்தன, நிறத்திலும் குறையில்லை. மாமி சட்டியை வைத்து இரண்டு வகையையும் தனித்தனியாகப் பொரித்துத் தந்தார். இரண்டுமே கடினம். ஆனால் கடிக்கும்போது வித்தியாசம் தெரிந்தது. கல்லாக இருந்தது நறுக் நறுக்கென்று நார் நாராகப் பிரிந்தது. மெத்தென்று இருந்தது றப்பர் மாதிரி இழுபட்டது.

அந்த வித்தியாசத்தை அன்றைக்கே குறித்து வைத்திருந்தால் இரண்டு கிழமை மிச்சப்பட்டிருக்கும். நானோ எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். பொலித்தீன் பை, ஐஸ் இல்லை, பின்னேரத்துக் காலி வீதி நெரிசல். எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க, ஜீன் இயங்கும்போது உண்டாகும் அதன் நகலான ஆர்.என்.ஏ வேண்டும். டி.என்.ஏ மாதிரி அது பொறுமையான பொருள் இல்லை. தசையிலேயே, நம்முடைய விரலிலேயே அதைத் தின்னும் நொதியங்கள் உண்டு. பிரித்தெடுத்து ஜெல்லில் ஓடவிட்டபோது, நல்ல ஆர்.என்.ஏவில் தெரியவேண்டிய இரண்டு தெளிவான பட்டைகள் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரு புகைச்சல் மட்டும். உயிர் போய்ப் பல மணிநேரமான இறைச்சியில் வேறு என்ன கிடைக்கும்? பிழை என்னுடையது.

சரி, சங்கிலியின் அடுத்த கண்ணியைப் பார்ப்போம் என்று இறைச்சிக் கடைக்குப் போனேன்.

"வார கோழியத்தானே தங்கச்சி வெட்டுறம்" என்றார் கடைக்கார நானா. ஒளிவுமறைவில்லாத மனிதர், எல்லாவற்றையும் காட்டினார். விடியற்காலையில் உயிர்க்கோழி வந்து இறங்குகிறது. அறுத்து, இறகு நீக்கி, எலும்பில்லா ஓர்டர்களுக்கு உடனேயே நெஞ்சை எலும்பிலிருந்து பிரிக்கிறார்கள். ஒரு மணிநேரத்துக்குள் மாமியின் பார்சல் தயார். புத்தம் புதுசு என்பதுதான் அவருக்கும் பெருமை, மாமிக்கும் பெருமை.

றப்பருக்குக் காரணம் அந்தப் புதுசுதான். கோழி இறந்த பிறகும் நெஞ்சுத் தசையில் சக்தி மூலக்கூறான ஏ.டி.பி கொஞ்ச நேரம் மிஞ்சியிருக்கும். அது தீரும்போது தசை இறுகுகிறது. எலும்போடு ஒட்டியிருந்தால் எலும்பு இழுத்துப் பிடிக்கும், தசையால் அதிகம் சுருங்க முடியாது. அதற்கு முன்பே பிரித்துவிட்டால் பிடிக்க ஒன்றும் இல்லை. நார்கள் சுருண்டு தடித்து, அப்படியே நின்றுவிடும். பிறகு எவ்வளவு சமைத்தாலும் மென்மை வராது. அறுத்து 4 மணிநேரமாவது எலும்போடு குளிரில் வைத்துப் பிறகு பிரிப்பதுதான் முறை. அந்த ஆறு துண்டுக்கும் ஜீனும் தேவையில்லை, பி.சி.ஆரும் தேவையில்லை. அடுத்த முறை மாமி முழுக்கோழியாக வாங்கி, ஐஸில் வைத்து, மத்தியானத்துக்குப் பிறகு தானே பிரித்தார். றப்பர் போய்விட்டது.

கல் போகவில்லை.

சிலாபம்

நானாவுக்குக் கோழி வருவது சிலாபத்துப் பக்கம், தென்னந்தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு பண்ணையிலிருந்து. பண்ணைக்கார அண்ணை தமிழர், 3 கொட்டகை வைத்திருக்கிறார். பக்கங்கள் திறந்த கொட்டகை, கம்பிவலை, நிலத்தில் உமி. நான் போன அன்று வெயில் சுட்டது. கோழிகள் செட்டையை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

அண்ணையின் கணக்குப் புத்தகம் எனக்கு எந்த இயந்திரத்தைவிடவும் உதவியது. முன்பு 35ஆம் நாளில் விற்றவர், வாங்குபவர்கள் பெரிய கோழி கேட்டதால் 42ஆம் நாள்வரை வைத்திருக்கிறார். கூடவே, குஞ்சு சீக்கிரம் எடை போடவேண்டும் என்று இரவெல்லாம் வெளிச்சம். வெளிச்சம் இருந்தால் தின்றுகொண்டேயிருக்கும். "கல்லு நெஞ்சு எண்டு கடைக்காரர் சொன்னவர்தான். ஏதோ நோயெண்டு நினைச்சு மருந்தும் குடுத்துப் பார்த்தன் தங்கச்சி" என்றார். அந்த மருந்து நுண்ணுயிர் எதிர்ப்பி. இது கிருமியால் வரும் நோய் அல்ல என்பதை அங்கேயே சொல்லிவிட்டேன். காசும் வீண், கிருமிகளுக்கு மருந்தைப் பழக்கியதும் மிச்சம்.

இந்த முறை மாதிரி எடுப்பதில் பிழை விடவில்லை. அறுத்த சில நிமிடங்களில், கல்லாக இருந்த நெஞ்சிலும் மெத்தென்ற நெஞ்சிலும் ஒரே இடத்திலிருந்து, அரிசிமணி அளவு துண்டுகள். ஆர்.என்.ஏவைக் காக்கும் திரவத்தில் ஒரு பங்கு, நுண்நோக்கிக்காக ஃபோர்மலினில் ஒரு பங்கு. துண்டு பெரிதாக இருந்தால் திரவம் நடுவரை ஊறுவதற்குள் உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ சிதைந்துவிடும். மாமியின் தேசிக்காய்ப் புளி ஏறாத கதைதான் இதுவும். பிறகு ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குத் திரும்பினேன்.

தசைக்குள் என்ன நடக்கிறது

பேராதனையில் படித்த மிருக வைத்தியத் தோழி ஒருத்தி நுண்நோக்கித் தட்டுகளை என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். நல்ல தசையைக் குறுக்கே வெட்டினால் தேன்கூட்டு அறைகள் மாதிரி நார்கள் நெருங்கி நிற்கும். கல் நெஞ்சில் அந்த ஒழுங்கு இல்லை. ஒன்று வீங்கி, ஒன்று சிதைந்து, ஒன்று புதிதாக முளைத்துக்கொண்டு. நடுவில் இருக்கவேண்டிய மெல்லிய இடைவெளி அகன்று, நிறமூட்டியபோது நீலமாகத் தெரிந்தது. நீலம் கொலாஜன். காயம் ஆறிய இடத்தில் தழும்பு கட்டுமே, அதுதான். மசாலா ஏறாததற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. நீரைப் பிடித்துவைக்கும் தசைப்புரதம் குறைந்து, அந்த இடத்தில் தழும்பும் கொழுப்பும் உட்கார்ந்திருக்கின்றன. ஊறவைத்தாலும் குடிக்காது, சமைத்தால் இருக்கும் நீரையும் விட்டுவிடும்.

இதற்குப் பெயர் உண்டு. உலகமெங்கும் 'வுடன் பிரெஸ்ட்' என்பார்கள், நாம் மரநெஞ்சு எனலாம். பின்லாந்து ஆய்வாளர்கள் 2014இல் இதைத் தெளிவாக விவரித்தார்கள். வெள்ளைக் கோடு அதற்கு அண்டை வீட்டுக்காரன். பல நெஞ்சுகளில் இரண்டும் சேர்ந்தே வரும். சாப்பிடுபவருக்கு இரண்டாலும் தொற்று இல்லை, ஆபத்தும் இல்லை. வாய்க்கு ருசியும் விற்பவருக்குக் காசும்தான் நட்டம்.

ஜீன்கள் என்ன சொல்கின்றன? நிகழ்நேரப் பி.சி.ஆரில் ஒரு ஜீனின் நகல்கள் சுழற்சிக்குச் சுழற்சி இரட்டிக்கும். குறித்த ஓர் அளவுக் கோட்டினை முன்கூட்டியே தாண்டினால் தொடக்கத்திலேயே அதிகம் இருந்தது என்று பொருள். ஒரு சுழற்சி முந்தினால் இரு மடங்கு. ஒப்பிட ஒரு மாறாத ஜீன் வேண்டும். வழக்கமாக நாங்கள் பாவிப்பது ஜி.ஏ.பி.டி.எச். இங்கே அதைப் பாவிக்கவில்லை. அது சீனியை உடைக்கும் வழியில் வேலை செய்யும் ஜீன், மரநெஞ்சில் குழம்பிப்போவதே அந்த வழிதான். அளவுகோலே நீண்டும் சுருங்கியும் இருந்தால் எதை அளப்பது? இதைக் கவனிக்காமல் வெளியாகும் அளவீடுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

வேறு ஒப்பீட்டு ஜீன்களோடு பார்த்தபோது, கொலாஜன் ஜீன் கல் நெஞ்சுகளில் தெளிவாக முந்தியது. லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் ஜீனும் அப்படியே. இரத்தத்தில் ஓடும் கொழுப்பை உடைத்துத் திசுவுக்குள் இழுத்துக்கொடுக்கும் நொதியம் அது. என் மாதிரிகள் கைவிரலுக்குள் எண்ணக்கூடியவை, அதனால் இவற்றை வைத்துப் புதிதாக ஒன்றும் நிறுவ முடியாது. ஆனால் இவை பெரிய ஆய்வுகளோடு பொருந்துகின்றன. அமெரிக்காவின் டெலவெயார் பல்கலைக்கழகக் குழு 2015இல், தசையில் இயங்கும் ஜீன்கள் முழுவதையும் ஆர்.என்.ஏ வரிசைப்படுத்தல் மூலம் வாசித்து, மரநெஞ்சில் ஒட்சிசன் பற்றாக்குறை, ஒட்சியேற்ற அழுத்தம், கல்சியம் குழப்பம் ஆகியவற்றின் தடயங்களைக் கண்டது. அதே குழுவின் பிந்திய வேலையில் வந்த விஷயம்தான் எனக்கு மிக முக்கியம்: முதல் மாற்றம் குஞ்சின் முதல் வாரத்திலேயே, நெஞ்சுத் தசையின் சிறு நாளங்களைச் சுற்றிய அழற்சியாகவும் கொழுப்புச் சேர்க்கையாகவும் தொடங்குகிறது. கையில் கல்லாகத் தட்டுப்படுவது வாரக்கணக்கில் பிந்தித்தான். நாம் நெஞ்சை அமத்திப் பார்க்கும் நேரத்தில் கதை பாதிக்கு மேல் முடிந்திருக்கும்.

2020இல் அவர்கள் இதை நீரிழிவோடு ஒப்பிட்டார்கள். சீனியும் கொழுப்பும் தசை தாங்கும் அளவுக்கு மேல் வந்து குவிந்து, தசையையே கெடுக்கின்றன என்பது அவர்கள் கருத்து. மாமிக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. "கோழியின்ர நெஞ்சுக்கு மட்டும் வந்த சீனி வருத்தம் மாதிரி, மாமி" என்று சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப பத்தியம்தானே மருந்து?" என்றார். அந்தக் கேள்வி என்னைச் சிலாபத்துக்குத் திருப்பி அனுப்பியது.

ஜீனை மாற்றலாமே?

கேட்பவர்கள் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். கோழியின் மரபணுத்தொகுதி 2004இல் வெளியானது. வரிசைப்படுத்தப்பட்டது ஒரு சிவப்புக் காட்டுக்கோழிப் பேடு, ஏறக்குறைய 100 கோடி டி.என்.ஏ எழுத்துகள். 2013இல் ஒரே டி.என்.ஏ சில்லில் (சிப்) அந்தத் தொகுதியின் 6 லட்சம் இடங்களைப் படிக்கும் வசதி வந்தது. அப்புறம் மரபணுத்தொகுதித் தெரிவு வந்தது: குஞ்சின் ஒரு சொட்டு இரத்தத்திலிருந்து, அது வளருமுன்பே அதன் தகுதியைக் கணிப்பது. உலகச் சந்தையை ஆளும் இனப்பெருக்க நிறுவனங்கள் இதை அன்றாட வேலையாகச் செய்கின்றன. நெஞ்சு இறைச்சிக்கு இது பெரிய வரம், ஏனென்றால் வெட்டாமல் நெஞ்சின் தரத்தைப் பார்க்க முடியாது, வெட்டினால் அந்தக் கோழி இனம் பெருக்காது.

ஆனால் மரநெஞ்சில் பரம்பரையின் பங்கு எவ்வளவு? ஓர் இனப்பெருக்க நிறுவனத்தின் இரண்டு கோழி வரிசைகளில் செய்து 2015இல் வெளியான ஆய்வில், மரநெஞ்சின் பரம்பரைத்தன்மை 0.1க்கும் கீழே (0 என்றால் வித்தியாசத்தில் பரம்பரைக்குப் பங்கில்லை, 1 என்றால் முழுக்கப் பரம்பரை). வெள்ளைக் கோட்டுக்கு ஏறக்குறைய 0.19 முதல் 0.34. வேறொரு பரிசோதனை இனத்தில் வெள்ளைக் கோட்டுக்கு 0.65 வரை கண்டிருக்கிறார்கள், ஆக எல்லா இனத்துக்கும் ஒரே எண் கிடையாது. முதல் ஆய்வு சரியென்றால் மரநெஞ்சில் பெரும்பங்கு வளர்ப்பு முறையின் கையில் இருக்கிறது. இன்னொன்று, மூல இனத்தில் இன்று செய்யும் தெரிவு பாட்டன், பூட்டன் தலைமுறைகளைக் கடந்து சிலாபத்துக் கொட்டகைக்கு வந்து சேர நான்கைந்து ஆண்டு பிடிக்கும். அண்ணையால் அதில் ஒன்றும் செய்ய முடியாது.

ஜீன் திருத்தம் பற்றியும் சொல்லவேண்டும். கொரியாவில் 2020இல், தசை வளர்ச்சிக்குக் கடிவாளமாக இருக்கும் மயோஸ்டற்றின் ஜீனை முடக்கி, தசை பெருத்த கோழியை உருவாக்கினார்கள். தொழில்நுட்பமாக அருமையான வேலை. முட்டைக்குள் வளரும் கருவின் மூல இனப்பெருக்கக் கலங்களைப் பிடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது. ஆனால் இரத்தம் போய்ச் சேராத அளவுக்கு நெஞ்சு பெருத்ததுதானே நம் சிக்கல்? இன்னும் தசையைக் கூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைவிட 2023இல் பிரித்தானியாவில் செய்தது என் மனதுக்கு நெருக்கம். ஏ.என்.பி.32ஏ என்ற ஜீனில் சிறு மாற்றம் செய்து, பறவைக் காய்ச்சல் வைரசு எளிதில் பெருக முடியாத கோழிகளை உருவாக்கினார்கள். சாதாரண அளவு வைரசுக்கு 10இல் 9 கோழி தப்பின. அளவைப் பல மடங்கு கூட்டியபோது பாதிக்குத் தொற்றியது. முழுப் பாதுகாப்பு இல்லை என்பதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள்.

நமது வெயிலுக்கு என்றால் நான் கேட்கும் ஜீன் வேறு. ஊர்க்கோழிகளில் கழுத்தில் இறகில்லாத ஒரு வகை உண்டு. அதன் காரணம், பி.எம்.பி.12 என்ற ஜீன் தோலில் அளவுக்கு மேல் இயங்குவது என்று 2011இல் காட்டினார்கள். இறகு குறைய உடல் சூடு எளிதாக வெளியேறும். திறந்த கொட்டகையில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிய அந்தக் கோழிகளைப் பார்த்தபோது இதுதான் ஞாபகம் வந்தது. நம்முடைய முற்றத்திலேயே இருக்கும் இந்த ஜீனை வெப்பநாட்டு இறைச்சிக்கோழியில் சேர்ப்பதற்கு இனக்கலப்பும், ஜீன் வந்த குஞ்சை அடையாளம் காட்டும் பி.சி.ஆர் பரிசோதனையும் போதும், ஜீனை வெட்டி ஒட்டத் தேவையில்லை.

பத்தியம்

அண்ணையோடு பேசி இரண்டு மாற்றங்களைச் செய்தோம். நாளங்களில் அழற்சி தொடங்கும் முதல் வாரத்தை அடுத்து வரும் 2ஆம் 3ஆம் வாரங்களில் வளர்ச்சியைக் கொஞ்சம் தணிப்பது முதலாவது. இரவில் சில மணிநேரம் முழு இருட்டு, தீனிலும் சிறு கட்டுப்பாடு. இந்த வயதில் தீனையோ, அதிலுள்ள அமினோ அமிலமான லைசீனையோ குறைத்தால் மரநெஞ்சின் கடுமை குறைவதை வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எடையிலும் கொஞ்சம் இழக்கவேண்டியிருக்கும். தீனைக் கலந்து தருவது அவருடைய கையில் இல்லாததால் லைசீனைத் தொடவில்லை. இரண்டாவது, விற்பனையைப் பழையபடி 35ஆம் நாளுக்கு அருகே கொண்டுவருவது. எடை குறையும் என்று அண்ணை தயங்கினார், நியாயம்தான். தீன் விலை ஏறிக் கிடக்கும் நாட்டில் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குண்டு. கடைசி வாரத் தீன் மிச்சப்படுவதையும் கல் நெஞ்சுக்காகக் கடைக்காரர் திருப்பி அனுப்புவதையும் சேர்த்து எழுதிப் பார்த்த பிறகு, ஒரு கொட்டகையில் மட்டும் சம்மதித்தார். ஆய்வுக்கும் அதுதான் நல்லது. மற்ற இரண்டு கொட்டகைகளும் ஒப்பிட நிற்கும்.

முதல் தொகுதியில் அந்தக் கொட்டகையிலிருந்து வந்த கல் நெஞ்சுகள் மற்றவற்றைவிடக் குறைவு, முற்றாக ஒழியவில்லை. வயதும் வெளிச்சமும் தீனும் சேர்ந்து மாறியதால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இருட்டை மட்டும் மாற்றி ஒரு தொகுதி, வயதை மட்டும் மாற்றி ஒரு தொகுதி என்று பார்த்தால்தான் தெரியும்.

மாமி இப்போது நானாவின் கடையில் நின்று ஒவ்வொரு நெஞ்சையும் அமத்திப் பார்த்துத்தான் வாங்குகிறார். தவறிக் கல் வந்தாலும் எறிவதில்லை. அரைத்துக் கட்லட்டுக்குப் போடுகிறார், அரைத்தால் பிரச்சினை தெரிவதில்லை. புதுக் குஞ்சுகள் போன கிழமை சிலாபத்தில் இறங்கிவிட்டன. இந்த முறை இருட்டு மட்டும்தான். 14ஆம் நாளில் மாதிரி எடுக்க நான் போகவேண்டும், ஐஸ் பெட்டியும் திரவக் குப்பிகளும் தயாராக இருக்கின்றன.